வோல்பேப்பரில் கைவைக்க முன்னம் சுவரைத் தட்டிப் பாருங்கள்

கொழும்பில் 26 வருடமாகப் பெயின்ற் வேலை செய்கிறேன். இருப்பது கொட்டாஞ்சேனை. வேலை பெரும்பாலும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம். வோல்பேப்பர் கழற்றக் கூப்பிடுகிற வீடுகளில் பாதிக்கு, நான் போய்ச் சேர முன்னமே வேலை தொடங்கியிருக்கும். ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, விறுக்கென்று இழுத்து, கடதாசியோடு பெயின்றும் பெயின்றோடு வெள்ளைப் பூச்சும் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து கிடக்கும். பிறகுதான் எனக்குப் போன் வரும். கடதாசி கழற்ற ஒரு நாள் கூலி. பெயர்ந்த சுவரைச் சரிப்படுத்த மூன்று நாள் கூலி. அந்த மூன்று நாள் காசு உங்கள் கையிலேயே இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நானும் ஒரு சுவரை அப்படிக் கெடுத்தவன்தான். 2004ஆம் ஆண்டு, பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டு ஹோல். கடதாசி காய்ந்து முறுகி இருந்தது. சுரண்டினால் போய்விடும் என்று புது ஸ்க்ரேப்பரால் காயக் காயச் சுரண்டினேன். மத்தியானத்துக்குள் சுவர் முழுக்கப் பிறை பிறையாகக் காயம். எனக்குத் தொழில் பழக்கிய பாஸ் வந்து பார்த்தார். ஏசவில்லை. ஒரு வாளித் தண்ணீரில் ஸ்பொஞ்சைத் தோய்த்து, மிச்சக் கடதாசியை மேலிருந்து கீழ்வரை நனைத்துவிட்டு, தேத்தண்ணி குடிக்கக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது கடதாசி சுவரை விட்டுத் தானாகத் தொங்கிக்கொண்டு நின்றது. “ஹெமின், புதா” என்றார். மெதுவாக, மகனே. அந்தச் சுவரைத் திருப்பிச் செய்ய எனக்கு மூன்று நாள் போனது. அதற்குக் கூலி கேட்கவில்லை. கேட்கவும் மனம் வரவில்லை.

முதலில் சுவர்

எல்லாரும் கடதாசியைப் பார்த்துத்தான் தொடங்குவார்கள். நான் சுவரைப் பார்த்துத் தொடங்குவேன். மடக்கிய விரல் மூட்டால் சுவரை நெடுகத் தட்டிக்கொண்டு போங்கள். ‘டக் டக்’ என்று இறுக்கமாகக் கேட்டால் அது கல்லுச் சுவர்: சீமெந்துக் கல்லோ செங்கல்லோ, மேலே சீமெந்துப் பூச்சு, அதற்கு மேல் சுவரை வழுவழுப்பாக்க மெல்லிசாகப் பூசுகிற ஸ்கிம் அல்லது ஃபில்லர், பிறகு எமல்ஷன், அதாவது தண்ணீர் கலக்கிற சுவர்ப் பெயின்ற். இப்போதைய தொடர்மாடி வீடுகள் அநேகமாக இப்படித்தான். இதில் சீமெந்துப் பூச்சுக்கு ஒன்றும் ஆகாது. பெயர்ந்து வருவது ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தடிப்பான அந்த ஸ்கிம்தான். ப்ரைமர் என்கிற அடிப்பூச்சு அடிக்காமல் ஃபில்லருக்கு மேல் நேரே எமல்ஷன் அடித்து, அதன்மேல் கடதாசி ஒட்டியிருந்தால் அந்த ஸ்கிம் இன்னும் இலகுவாகப் பெயரும்.

சுவர் பெரும்பாலும் பறை போலக் கேட்டால் ஜிப்சம் பலகை. கோட்டைப் பக்கத்துக் கந்தோர்களிலும், ஒரு அறையை இரண்டாக மறித்த வீடுகளிலும் இருக்கும். ஜிப்சம் பலகையின் தோலே கடதாசிதான். நிறைய நனைத்தால் அந்தத் தோல் ஊறி, வோல்பேப்பரோடு சேர்ந்து உரிந்துவிடும். உள்ளே மண்ணிறம் தெரிந்தால் அந்த இடத்தில் உடனே கையை நிறுத்துங்கள்.

கல்லுச் சுவரில் சில இடம் இறுக்கமாகவும் சில இடம் வெறுமையாகவும் கேட்டால், பூச்சு அந்த இடங்களில் ஏற்கனவே கல்லை விட்டுவிட்டது. பென்சிலால் வட்டம் போட்டு வையுங்கள். அங்கே கடதாசி எப்படிக் கழன்றாலும் பூச்சைக் கொத்தி எடுத்துத் திரும்பப் பூசத்தான் வேண்டும். அதை உங்கள் பிழை என்று நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

புதுக்கடை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய வீடுகளில் சுண்ணாம்புச் சாந்து இருக்கும். நகத்தால் கீறினால் மாவாக உதிரும். தண்ணீரில் கரைகிற பழைய டிஸ்டெம்பர் பெயின்ற் அடித்த சுவர் என்றால் ஈரக் கை பட்டாலே நிறம் கையில் வந்துவிடும். அங்கே தண்ணீரை வாளியால் அல்ல, பிழிந்த துணியால்தான் காட்ட வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு இலகுவான வழி உண்டு. மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, ஒரு சுவிட்சின் மூடியைக் கழற்றுங்கள். கடதாசியின் விளிம்பு, அதன் பின்னால் பெயின்ற், ஸ்கிம், பூச்சு எல்லாம் அங்கே அடுக்கடுக்காகத் தெரியும். வேலை முடியும்வரை அந்தச் சுவரின் மின்சாரத்தைப் போட வேண்டாம். இங்கே வருவது 230 வோல்ற். ஈரச் சுவரோடு அதற்கு ஒத்துவராது. ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதுதானே என்று அசட்டையாக இருக்காதீர்கள். பிளக் பொயின்ற்றுகளுக்கு மேல் பொலித்தீன் வைத்து டேப் ஒட்டிவிடுங்கள்.

பிறகு கடதாசி

அலுமாரிக்குப் பின்னால், கீழ் மூலையில், யாருக்கும் தெரியாத ஒரு இடத்தை எடுங்கள். மூலையை மெல்லக் கிளப்பி, சுவரோடு ஒட்டினாற்போல் மடித்து மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். உங்களை நோக்கி வெளியே இழுக்கக் கூடாது. வெளியே இழுத்தால் சுவரின் தோலையும் சேர்த்து இழுக்கிறீர்கள். மடித்து இழுத்தால் பசை மட்டும் பிரியும். இந்த முழு வேலையிலும் ஒரு விஷயத்தைத்தான் ஞாபகம் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

அந்த மூலை எப்படி வருகிறது என்பதிலேயே கடதாசியின் இனம் தெரிந்துவிடும். துணி போல, கிழியாமல், முழு நீளமாக வந்தால் அது நொன்-வூவன்; அதற்குத் தண்ணீரே தேவைப்படாது, ஒரு ஹோலை அரை நாளில் முடிக்கலாம். மேலே பிளாஸ்டிக் தோல் மட்டும் உரிந்து, வெள்ளைக் கடதாசி சுவரிலேயே நின்றால் வினைல். இங்கே அதிகமாக ஒட்டியிருப்பது இதுதான். பொடிப் பொடியாகக் கிழிந்தால் வெறும் கடதாசி. பின்பக்கம் இன்சுலேஷன் டேப் போலப் பிசுபிசுத்தால் தானாக ஒட்டுகிற ஸ்டிக்கர். அதற்குத் தண்ணீர் வேலை செய்யாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு சுருளின் அகலத்தையும் அளந்து வையுங்கள். ஐரோப்பியச் சுருள் 53 சென்ரிமீற்றர், கொரியச் சுருள் 106 சென்ரிமீற்றர். பொருத்து எங்கே வருகிறது என்று தெரிந்தால் அந்த இடத்திலிருந்து கிளப்பலாம். பழைய ஆட்கள் பொருத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருப்பார்கள். தேடியே களைத்துப் போவீர்கள்.

நனைத்தல்

வேண்டியது அதிகமில்லை. 4 அங்குல ஸ்க்ரேப்பர் ஒன்று, பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பர் ஒன்று, பூமரத்துக்கு அடிக்கிற பம்ப் ஸ்ப்ரேயர், இரண்டு ஸ்பொஞ்ச், இரண்டு வாளி. பழைய சோனகத் தெருவில் ஏறி இறங்கினால் எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும். ஸ்க்ரேப்பர் வாங்கியதும் அதன் இரண்டு மூலையையும் அரத்தால் அராவி உருட்டிவிடுங்கள். சுவரில் விழுகிற பிறைக் காயங்கள் எல்லாம் அந்தக் கூரான மூலைகளால்தான் வருகின்றன. 2004இல் இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்தச் சுவர் பாதியாவது தப்பியிருக்கும்.

நிலத்தில் பொலித்தீன் விரித்து, அதற்கு மேல் பழைய சாரம், துவாய் எதையாவது போடுங்கள். பொலித்தீன் மட்டும் போட்டால் வழிகிற பசைத் தண்ணீரில் ஏணியோடு சறுக்கும். பிறகு ஃபேனை நிறுத்துங்கள். புழுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் ஃபேன் ஓடினால் நீங்கள் மேலே நனைக்க நனைக்கக் கீழே காய்ந்துகொண்டு வரும்.

வினைல் என்றால் முதலில் மேல் தோலை முழுவதும் காயவே உரித்து எடுங்கள். பிளாஸ்டிக்குக்கு மேல் எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் உள்ளே போகாது. அது தெரியாமல் அரை நாள் தண்ணீர் அடித்துவிட்டு, ‘இது கழராத சாமான்’ என்று கைவிட்டவர்களைக் கண்டிருக்கிறேன். கடதாசிக்கு மேல் யாராவது பெயின்ற் அடித்திருந்தால், 80ஆம் நம்பர் சான்ட் பேப்பரால் மேலாக ஒரு தரம் உரசுங்கள். அந்தப் பெயின்ற் தோல் கீறுப்பட்டால் போதும், ஈரம் உள்ளே போகும். கடையில் முள்ளுச் சக்கரம் வைத்த ஒரு கருவி தருவார்கள். கல்லுச் சுவரில் கை பாரம் கொடுக்காமல் உருட்டலாம். ஜிப்சம் பலகையிலும் மெல்லிசான ஸ்கிம்மிலும் அதைப் பாவிக்காதீர்கள். ஒவ்வொரு முள்ளும் சுவரில் ஒரு துளை.

கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்து, பைப்புத் தண்ணீரோடு கலந்து, கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். 5 லீற்றருக்கு 2 மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம். அதன் வேலை நுரைப்பது அல்ல, தண்ணீர் கடதாசிக்குள் பரவி இறங்க உதவுவது. பசை பிடிவாதமாக இருந்தால் ஒரு கோப்பை வெள்ளை வினாகிரியும் விடலாம். ஆனால் அந்த வீட்டில் பூஞ்சணத்துக்கு ப்ளீச் பாவிக்கிற எண்ணம் இருந்தால் வினாகிரியைத் தொடவே வேண்டாம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். பூட்டிய அறையில் அது உயிருக்கே ஆபத்து.

ஒரு நேரத்தில் ஒரு சுருள் அகலம் மட்டும் எடுங்கள். மேலிருந்து கீழே நனையுங்கள். 5 நிமிடம் விட்டு இன்னொரு தரம். பிறகு 15 நிமிடம் கையே வைக்காதீர்கள். இந்த 15 நிமிடத்தில்தான் கடதாசி கழலுகிறது. மிச்சம் நாங்கள் செய்வதெல்லாம் அதை எடுத்துக் கீழே போடுவது. கடதாசி கறுத்து, அங்கங்கே கொப்பளித்து, விரலால் தள்ளினால் நகருகிறது என்றால் பதம் வந்துவிட்டது. கீழிருந்து மடித்து மேலே இழுங்கள். வர மறுக்கிற இடத்தில் ஸ்க்ரேப்பரைச் சுவரோடு படுக்கவைத்துத் தள்ளுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் அது கடதாசியை விட்டுச் சுவரைத் தோண்டும். பலம் கொடுக்க வேண்டி வருகிறதா, நிறுத்திவிட்டு இன்னொரு தரம் நனையுங்கள். ஒரே இடத்தை நாலு தரம் நனைத்த நாட்கள் எனக்கு உண்டு. ஜிப்சம் பலகையில் மட்டும் ஸ்ப்ரேயரை விட்டுவிட்டு, பிழிந்த ஸ்பொஞ்சால் ஒற்றி, 5 நிமிடத்தில் பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால் எடுங்கள்.

கடைசியாக மேல் விளிம்பு. அங்கே கை நீளாமல் கூரைத் தட்டையும் சேர்த்துச் சுரண்டுவார்கள். எங்கள் வீடுகளில் கூரைத் தட்டு பல இடத்தில் அஸ்பெஸ்டோஸ் சீற். அதைச் சுரண்டவோ சான்ட் பேப்பரால் தேய்க்கவோ கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. அந்த அரை அங்குலத்தை நன்றாக நனைத்து, கையால் எடுங்கள்.

தானாக ஒட்டுகிற ஸ்டிக்கர்

வாடகை வீடுகளில் இதுதான் பெரிய தலையிடி. வீட்டுக்காரர் முற்பணத்தைத் திருப்பித் தர முன்னம் சுவரைத்தான் பார்ப்பார். தலைமயிர் காயவைக்கிற ட்ரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரு அடிக்கு ஒரு அடி சூடாக்குங்கள். பசை இளகும்போது மூலையைக் கிளப்பி, முன்னர் சொன்னபடி மடித்து, நிமிடத்துக்கு ஒரு சாண் என்ற வேகத்தில் இழுங்கள். அவசரப்பட்டால் எமல்ஷன் தோலோடு வரும். செங்கல் போலத் தெரிகிற ஸ்பொஞ்ச் சீற் என்றால் தங்கூசி, அதாவது மீன் பிடிக்கிற நைலோன் நூல் ஒன்றை இரண்டு கையிலும் சுற்றிப் பிடித்து, சீற்றுக்குப் பின்னால் வைத்து, வாள் இழுப்பதுபோல் மாறி மாறி இழுத்துக்கொண்டு கீழே இறங்குங்கள். ஸ்பொஞ்ச் இரண்டாக அறுந்து வரும், சுவர் தப்பும். மிச்சமாக நிற்கும் பசையைப் பிறகு சூடாக்கி உருட்டி எடுக்கலாம்.

பசைக்கு மண்ணெண்ணெயோ தேங்காயெண்ணெயோ பூசச் சொல்லிப் பலர் சொல்வார்கள். கண்ணாடிக்கும் டைலுக்கும் சரி. சுவருக்கு வேண்டாம். எண்ணெய் ஊறிய சுவரில் புதுப் பெயின்ற் பிடிக்காது, மஞ்சளாக வெளியே ஊறிக்கொண்டே இருக்கும்.

கழுவுதல்

கடதாசி போனதும் வேலை முடிந்ததுபோல் இருக்கும். சுவரில் கண்ணுக்குத் தெரியாத பசை இன்னும் நிற்கிறது. அதற்கு மேல் பெயின்ற் அடித்தால் ஒரு மாதத்தில் சல்லி சல்லியாக வெடிக்கும். ஈரக் கையால் தடவிப் பாருங்கள், வழுவழுத்தால் பசை. மாப்பசை என்று சந்தேகமிருந்தால் பாமசியில் அயடின் வாங்கி, தண்ணீர் கலந்து, ஒரு மூலையில் ஒரு துளி விடுங்கள். மாப்பசை கருநீலமாக மாறும். செல்லுலோஸ் பசையில் நிறம் மாறாது, அதற்குக் கையின் வழுவழுப்புத்தான் சாட்சி. ஒரு வாளியில் சூட்டுத் தண்ணீர், மற்றதில் ஸ்பொஞ்சைக் கழுவ வெறும் தண்ணீர். கழுவும் தண்ணீர் கலங்காமல் வரும்வரை கழுவுங்கள்.

காய விடுதல்

போன வருடம் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலே ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடி வீடு. அன்ரி தனியாக இருக்கிறா. மேற்குப் பக்கச் சுவரில் பூப்போட்ட வினைல். உரித்தால் பின்பக்கம் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம், பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்ததுபோல் மணம். மேயிலிருந்து செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மழையைக் கடலிலிருந்து நேரே அந்தச் சுவரில் கொண்டுவந்து அடிக்கும். வெளிப்பூச்சின் மயிரிழை வெடிப்புகளால் தண்ணீர் உள்ளே இறங்கும். உள்ளே பிளாஸ்டிக் கடதாசி. இறங்கிய தண்ணீருக்குப் போக வழியில்லை.

“தம்பி, வெள்ளிக்கிழமை மகள் வாறாள். அதுக்குள்ள அடிச்சுத் தாங்கோ” என்றா.

“அன்ரி, இப்ப அடிச்சா மகள் நிக்கிற நாளிலயே கொப்பளிக்கும். சுவர் காயட்டும்.”

அவவுக்கு முகம் வாடிப்போனது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஈரச் சுவரில் காசு வாங்கிக்கொண்டு பெயின்ற் அடிக்க என்னால் முடியாது. யன்னல்களைத் திறந்து, இப்போது ஃபேனைப் போட்டு, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தோம். முகமூடியும் கையுறையும் போட்டுப் பூஞ்சணத்தை ப்ளீச் தண்ணீரால் கழுவினேன். அங்கங்கே வெள்ளைப் பூப்போல உப்பும் கிளம்பியது. உப்பைத் தண்ணீரால் கழுவக் கூடாது, கரைந்து திரும்ப உள்ளேயே போய்விடும். காய்ந்த தூரிகையால் தட்டித் துடைக்க வேண்டும்.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு அடிக்கு ஒரு அடி பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப்பால் இறுக்கி ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். பொலித்தீனின் உள்பக்கம் துளிர்த்திருந்தால் ஈரம் இன்னும் வருகிறது. அன்ரியின் சுவர் மூன்று தரம் துளிர்த்தது. கட்டடக் குழுவிடம் சொல்லி வெளி வெடிப்பை அடைப்பித்து, 11ஆம் நாள்தான் பொலித்தீன் காய்ந்து நின்றது. கடலிலிருந்து தள்ளிய வீட்டில், மழை குறைந்த ஜனவரி, பெப்ரவரியில் என்றால் மூன்று நாலு நாளே போதும். உங்களுக்கு நாள் தெரிவு செய்ய முடியுமென்றால் அந்த மாதங்களை எடுங்கள்.

சிறு காயங்களுக்கு

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சில கீறல் இருக்கும். தளர்ந்த விளிம்புகளைத் தட்டிவிட்டு, ஃபில்லரை மெல்லிசாக இரண்டு தரம் வையுங்கள். ஒரே தரத்தில் தடிப்பாக வைத்தால் வெடிக்கும். 120ஆம் நம்பரால் தேய்த்து 220ஆல் முடியுங்கள். ஜிப்சம் பலகையில் மண்ணிறம் தெரிந்த இடத்தில், தொங்கும் தோலை பிளேட்டால் வெட்டி, எண்ணெய் வகைச் சீலரை ஒரு கை அடித்துக் காய்ந்த பிறகுதான் ஃபில்லர். நேரே வைத்தால் அந்த இடம் ஊதும். பழைய எனமல் அடித்த சுவராக இருந்தால் காயத் தேய்க்காதீர்கள். அந்தக் காலத்துப் பெயின்ற்றில் ஈயம் இருக்கலாம். ஈரமாக்கித் தேய்த்து, துடைத்த துணியை எறிந்துவிடுங்கள். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

உரித்த வினைலை வளவுக்குள் போட்டுக் கொளுத்த வேண்டாம். அந்தப் புகை நஞ்சு. பையில் கட்டிக் குப்பைக்குக் கொடுங்கள்.

பிறகு காரத்தைத் தாங்குகிற வோல் ப்ரைமர் ஒரு கோட், அதற்கு மேல் எமல்ஷன் இரண்டு கோட், இடையில் ரின்னில் போட்டிருக்கிற நேரத்துக்குக் காய விடுங்கள். கடல் பக்கச் சுவர் என்றால் அலுமாரியைத் திருப்பி வைக்கும்போது சுவரிலிருந்து ஒரு மூன்று அங்குலம் தள்ளி வையுங்கள். அன்ரியின் மகள் வந்து நின்ற முதல் கிழமை முழுக்க அந்தச் சுவர் பெயின்ற் இல்லாமல்தான் நின்றது. 12ஆம் நாள் நான் ப்ரைமர் வாளியோடு போனபோது, அலுமாரியைத் தள்ளிவைக்க மகள்தான் மற்றப் பக்கம் பிடித்தா.